ஒரே கோப்பு, இரண்டு சாட்சிகள்

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருப்பவர்கள் பலர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பார்ட்டிஷனை ஒதுக்குவார்கள். படங்கள், பாடல்கள், கணக்குகள் எல்லாம் அதில் இருக்கும். எதில் பூட் செய்தாலும் கைக்கு எட்டும். ஆனால் அங்கே கிடைப்பது உண்மையில் ஒரே கோப்புதானா?

மிலிந்த பஞ்ஹ என்ற பௌத்த நூலில், நாகசேனர் மன்னர் மிலிந்தருக்கு ஒரு தேரை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறார். சக்கரம் தேரல்ல, அச்சும் தேரல்ல. எல்லாம் கூடியிருக்கும்போது நாம் வழங்கும் பெயர்தான் தேர் என்பது அவர் வாதம். இந்தியத் தத்துவத்தின் நியாய மரபு இந்தப் பார்வையை ஏற்கவில்லை. உறுப்புகளுக்கு அப்பால் முழுப்பொருள் ஒன்று உண்டு. இல்லையென்றால் ஒரு முனையைப் பிடித்து இழுக்கும்போது முழுவதும் ஏன் சேர்ந்து வருகிறது என்று நியாய சூத்திரம் கேட்கிறது.

கோப்பு விஷயத்தில் முதலில் நாகசேனர் பக்கமே பலமாகத் தெரிகிறது. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் முறையில், ஒரு கோப்பின் துண்டுகள் வட்டில் பல இடங்களில் சிதறிக் கிடக்கலாம். எந்தத் துண்டு எங்கே என்பதை ஓர் அட்டவணைதான் சொல்கிறது. உரிமையாளர் யார்? விண்டோஸ் தன் பதிவில் ஒருவரை வைத்திருக்கும். உபுண்டுவோ வழக்கமாக, டிரைவைத் திறந்தவரையே எல்லாவற்றுக்கும் சொந்தக்காரராகக் காட்டும். ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து பெரியதா சிறியதா என்பதில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் உபுண்டு சார்ந்த லினக்ஸுக்கு இரண்டு. விண்டோஸுக்கு, வழக்கமான அமைப்பில், அவை ஒரே பெயர்.

இன்னும் கடுமையான சான்றும் உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் எழுதிய வட்டை விண்டோஸில் செருகினால், தனி மென்பொருள் இல்லாதபோது, பல நேரங்களில் அது ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். ஒரு குடும்பத்தின் அத்தனை புகைப்படங்களும் உள்ளே இருக்கும். படிக்கத் தெரியாத கண்ணுக்கு அது வெற்று வட்டு.

அப்படியானால் கோப்பு என்பது வெறும் உடன்பாடுதானா? இல்லை என்பதற்கான சான்று, பகிர்வு கெட்டுப்போகும் இடத்தில் இருக்கிறது.

2012-இல் விண்டோஸ் 8 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியோடு வந்தது. ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை; கெர்னலின் நினைவை வட்டில் சேமித்துவைத்து, மறுபடி ஆன் செய்யும்போது அதிலிருந்தே எழுகிறது. பொதுப் பார்ட்டிஷனின் பழைய நிலையும் அந்த நினைவில் அடக்கம். இடையில் லினக்ஸ் அங்கே எதையாவது எழுதியிருந்தால், விண்டோஸ் தன் பழைய நினைவை நம்பி அதன்மேல் எழுதக்கூடும். கோப்புகள் சிதையலாம். இதனால்தான் லினக்ஸின் என்டிஎஃப்எஸ்-3ஜி இயக்கி, இப்படி உறங்கும் பார்ட்டிஷனில் எழுத மறுத்து, படிக்க மட்டும் திறக்கிறது.

இங்கே நியாய மரபின் கேள்வி முழு வலுவோடு திரும்பி வருகிறது. இரண்டு கோப்புகளாக இருந்தால் ஒன்று மற்றதைக் கெடுக்க வழியில்லை. பெயரும் உரிமையும் பார்ப்பவர் தருவது. கெட்டுப்போகக்கூடிய அந்த ஒரு பொருள் பார்ப்பவர் தந்ததல்ல. மறுபக்கம் இன்னொருவர் பாதியில் வைத்த வேலை இருக்கிறது என்று தெரிந்தால் கைவைக்காமல் நிற்கும் இயக்கி, அந்த உண்மையை மதிக்கிறது.

இரண்டு ஓஎஸ் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள்.