கண்ணாடி மனைப் பூவும் கூடு நீங்கிய கிளியும்

ஓர் உயிரை அதன் இடத்தினின்றும் பெயர்த்துக் கொணர்ந்து அன்புடன் பேணுவது அறமாகுமா? அவ்வுயிர் கைதப்பிச் சென்று பெருகிவிட்டால், அதனை அயலது என்று விலக்குவதும் வேட்டையாடுவதும் அறமாகுமா? இவ்விரு வினாக்களையும் தனித்தனியே எழுப்பினால் விடை கூறுதல் எளிது போலத் தோன்றும். ஒரே தோட்டத்தில், ஒரே நண்பகலில் இரண்டும் நம் முன் வந்து நின்றால் அத்துணை எளிதன்று.

இலண்டன் மாநகரின் மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது கியூ தாவரவியல் தோட்டம். 1759ஆம் ஆண்டில் தோன்றி, 2003இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்ட பெருந்தோட்டம் அது. குளிர்காலம் முடியும் தறுவாயில், ஆங்குள்ள கண்ணாடி மனையொன்றில் ஆண்டுதோறும் ஆர்க்கிட் மலர்க்காட்சி நடைபெறுகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டைப் பொருளாகக் கொள்வர். 2017ஆம் ஆண்டு இந்தியாவே பொருளாயிற்று. அக்காட்சியைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வெளியே விரல் விறைக்கும் குளிர். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும் அளவிற்கு ஈரவெப்பம். மஞ்சளும் வெண்மையும் கருஞ்சிவப்புமாக மலர்கள் தூண்களைச் சுற்றித் தொங்கின. நீல வாண்டா என்னும் இனத்தின் முன் மக்கள் நெடுநேரம் நின்றனர். நாமும் நின்றோம்.

வெளியே வந்தபோது, இலையற்ற ஓக் மரத்தின் உச்சியில் நன்கு பழகிய கீச்சொலி கேட்டது. அண்ணாந்து பார்த்தால், நம் கொல்லைகளில் கம்பங்கதிரைக் கொத்தும் அதே பச்சைக்கிளிகள்! செந்தார்ப் பைங்கிளி என்று பறவை நூலார் குறிப்பிடும் இனம். உள்ளே பூக்களைப் பார்த்து வியந்த கூட்டத்தினர் சிலர், கிளிகளை நோக்கி முகஞ்சுளித்து நகர்ந்தனர். இரண்டும் அயல்நாட்டு உயிர்களே. ஒன்றற்குச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறார்கள்; மற்றொன்றைத் தொல்லை என்கிறார்கள்.

முதலில் பூவின் கதையை நோக்குவோம். 1850ஆம் ஆண்டில் ஜோசப் ஹுக்கர் என்னும் தாவரவியல் அறிஞர், இன்றைய மேகாலயத்திலுள்ள காசி மலைகளில் நீல வாண்டாச் செடிகளைச் சேகரித்தார். ஏழு ஆட்கள் சுமக்கும் அளவு செடிகள் கியூ தோட்டத்திற்கென அகற்றப்பட்டன. அவற்றுள் உயிரோடு இங்கிலாந்து சேர்ந்தவை மிகச் சில. அச்செடிகள் வளரும் இடத்தை அறிந்துவரத் தம் தோட்டக்காரனை அவருடன் அனுப்பியிருந்த ஒருவரோ, ஓர் ஆள் சுமையை விற்பனைக்கு அனுப்பினார். நலிந்த நிலையிலேயே போய்ச் சேர்ந்தும் அது முந்நூறு பவுனுக்கு விலைபோயிற்று. இச்செய்தியை ஹுக்கரே தம் இமயப் பயண நூலில் எழுதியுள்ளார். பின்னர் அவர் கியூவின் இயக்குநராகவும் இருந்தார்.

இதனினும் கொடிது கொலம்பியாவில் நிகழ்ந்தது. ஆல்பர்ட் மில்லிகன் என்ற ஆர்க்கிட் வேட்டையாளர் 1891இல் வெளியிட்ட தம் நூலில், இரண்டு திங்களில் ஏறத்தாழ பத்தாயிரம் செடிகளைப் பெற நாலாயிரம் மரங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொல்கிறார். அச்செடிகள் மரக்கிளைகளில் தொற்றி வளர்பவை. ஏறிப் பறிப்பதைவிட மரத்தையே சாய்ப்பது அவர்களுக்கு எளிதாயிருந்தது. ஒரு சீமான் வீட்டு முகப்பில் பூத்த ஒரு மலருக்குப் பின்னே எத்தனை மரங்கள், அம்மரங்களில் எத்தனை கூடுகள், எத்தனை குஞ்சுகள்!

மரமும் செடியும் ஓரறிவுயிர். இல்லறத்தார் அவற்றிற்குச் செய்யும் ஊறினை முற்றும் தவிர்த்தல் இயலாது என்று நம் பெரியோர் விலக்களித்துள்ளனர் என்பது உண்மையே. ஆனால் அவ்விலக்கு, வாழ்வுக்கு வேண்டிய அளவிற்கு மட்டுமே. பயனின்றிச் செய்யும் தீங்கினை அனர்த்ததண்டம் எனப் பெயரிட்டு, அதனை ஒழித்தலைத் தனி விரதமாகவே வகுத்துள்ளனர். உணவுக்கன்று, உறைவிடத்திற்கன்று, மருந்துக்கும் அன்று. கண்ணுக்கு விருந்தாக ஒரு பூ வேண்டி நாலாயிரம் மரம் வீழ்த்தியதை வேறெப்பெயரால் அழைப்பது?

இன்றைய காட்சிகளில் உள்ளவை காட்டினின்றும் பறித்தவை அல்ல என்று கூறுவார் உளர். பெரும்பாலும் உண்மையே. ஆர்க்கிட்டின் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென உணவுப்பொதி இல்லாதது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணை வாய்த்தால்தான் முளைக்கும். 1922இல் லூயிஸ் நட்சன் என்பார் சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஊட்டத்தில் பூஞ்சையின்றியே முளைக்கவைக்கலாம் எனக் காட்டினார். அதன்பின் பண்ணைகளில் இலட்சக்கணக்கில் பெருக்கும் வழி பிறந்தது. 1973இல் கையெழுத்தாகி 1975 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்துள்ளது. எனவே இன்று பூவைக் கண்டு மகிழ்வோர் மீது பழைய பழியை ஏற்றுதல் முறையன்று. எனினும் பற்று என்பது பொருளில் இல்லை, பொருளின்பால் கொள்ளும் மயக்கத்தில் உள்ளது என்பது நம் கொள்கை. பண்ணைப் பூவைப் பார்த்து உள்ளம் நிறைந்து திரும்புவோர் உண்டு. அதைப் பார்த்தபின் காட்டில் அரிதாய் வளரும் செடியே வேண்டும் என்று அலைவோரும் உண்டு. காட்டு ஆர்க்கிட்டின் கள்ள வணிகம் ஆசியாவில் இன்னும் ஓயவில்லை.

இனி, கிளியின் கதை. இது தெளிவற்றது, ஆகவே கட்டுக்கதை மிகுந்தது. புகழ்பெற்ற கிதார் இசைஞர் ஒருவர் ஒரு சோடியைப் பறக்கவிட்டார் என்பர். 1951இல் வெளிவந்த ஒரு திரைப்படத்திற்குக் கொணர்ந்தவை தப்பின என்பர். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு இக்கதைகளுக்குச் சான்றில்லை என்று காட்டிற்று. பற்பல காலங்களில், பற்பல வீடுகளிலிருந்து ஒன்றிரண்டாகத் தப்பியவையும் விடப்பட்டவையுமே பெருகின என்பது அதன் முடிவு. கிளிக்காய்ச்சல் பற்றிய செய்திகள் நாளேடுகளில் அலைமோதிய காலங்களில், அஞ்சிய மக்கள் வளர்த்த கிளிகளைச் சாளரம் திறந்து விட்டிருக்கவும் கூடும் என்கின்றனர் ஆய்வாளர். 1969 முதல் அவை இங்கிலாந்தில் தொடர்ந்து குஞ்சு பொரித்து வருகின்றன. இன்று ஏறத்தாழ 12,000 இணைகள் இருப்பதாக மதிப்பிடுகின்றனர். மரபணுவை ஆராய்ந்தவர்களோ இவற்றின் மூதாதையர் பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிகளைச் சேர்ந்தவை என்று கண்டுள்ளனர். பறவைகளைப் பிடித்துக் கப்பலேற்றியவர் நம் நாட்டாரே, வாங்கியவர் அந்நாட்டார்.

அணுவிரதம் ஐந்தனுள் முதலாவதாகிய கொல்லாமைக்கு ஐந்து வழுக்கள் சொல்லப்படுகின்றன. உயிரைக் கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பினைக் குறைத்தல், தாங்கொணாச் சுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கொலை இங்கே பேசப்படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்லாமலே கொல்லாமைக்கு இழுக்குச் சேர்க்கும் செயல்கள் இவை. அவற்றுள் முதலில் நிற்பது கட்டி அடைத்தல். பாலும் பழமும் ஊட்டிப் பெயர் சூட்டிக் கொஞ்சினும் கூண்டு கூண்டே. இறகைக் கத்தரித்துச் சோதிடச் சீட்டெடுக்கப் பழக்குவோர் மூன்றாம் வழுவையும் உடன் சேர்த்துக்கொள்கின்றனர். நம் வீடுகளிலும் திண்ணைக் கூண்டுகள் இருந்த காலம் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் இன்று குற்றம். சட்டம் சொல்லித்தான் நாம் கூண்டைக் கைவிட வேண்டியிருந்தது என்பது சற்றே நாணத்தக்கது.

அவ்வாறாயின் திறந்துவிடுதல் நல்லறமன்றோ எனலாம். இங்குதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். நோன்பு நாள்களில் வேடனிடம் பறவைகளை விலைகொடுத்து வாங்கி விடுவிக்கும் வழக்கம் நம்மவரிடையே, குறிப்பாக வடநாட்டில், உண்டு. விடுவிப்பவரின் உள்ளம் தூயது, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் கொடுத்த பணம் வேடனுக்கு அடுத்த வலைக்கு முதலாகிறது. இன்ன நாளில் வாங்க ஆள் வரும் என்று தெரிந்தே முந்தின வாரம் பிடிக்கிறான். பிடிபட்டவற்றுள் சந்தைக்கு வருமுன் இறப்பவற்றைக் கணக்கில் சேர்ப்பார் யார்? கருணையால் திறந்த கை, அறியாமையால் வலையையும் விரித்துவிடுகிறது. இலண்டன் வீடுகளில் சாளரம் திறந்தவர்களுள்ளும் இரக்கத்தால் திறந்தவர் சிலர் இருந்திருப்பர். அக்கிளி எங்கே போய், எந்த மரப்பொந்தில், எப்பறவையின் இடத்தில் குடியேறும் என்று எண்ணியிருப்பாரா?

எண்ணத்தான் வேண்டும், ஏனெனில் அப்பொந்துகளுக்கும் உரியவர் உளர். பெல்ஜியத்தில் செய்த ஆய்வொன்று, கிளி மிகுந்த இடங்களில் நட்டாட்ச் என்னும் சிறு பறவை குறைந்திருப்பதைக் கண்டது. இங்கிலாந்தில் செய்த மற்றோர் ஆய்வு அத்தகைய குறைவைக் காணவில்லை. ஸ்பெயினின் செவில்லா நகரப் பூங்காவிலோ, மரப்பொந்தில் வாழும் பெரிய வௌவால்களைக் கிளிகள் கொத்தி விரட்டியும் கொன்றும் உள்ளன. ஆகவே கிளி செய்வது ஒன்றுமில்லை என்று கண்ணை மூடிக்கொள்ளவும் இயலாது. 2010இல் இங்கிலாந்து அரசு, கேடு நேரும் இடங்களில் நிலமுடையோர் கொல்லலாம் எனப் பொது அனுமதி பெற்ற பறவைகளின் பட்டியலில் இக்கிளியையும் சேர்த்தது.

நாம் இதனை ஏற்க இயலவில்லை. வௌவாலின் உயிர் சிறிதென்பதால் அன்று. கொல்வோம் என்று கருதிச் செய்யும் கொலையாகிய சங்கற்ப ஹிம்சையை இல்லறத்தாரும் விட்டொழிக்க வேண்டும் என்பது நம் நெறி. உழவிலும் சமையலிலும் நேரும் கொலை வேறு. குறிபார்த்துச் சுடுவது வேறு. தவிர, பிழை செய்தவன் பிடித்தவனும் விற்றவனும் வாங்கியவனும், தண்டனை கிளிக்கு! வேறு வழிகளும் இருந்தன. காட்டுப் பறவைகளின் இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பறவைக் காய்ச்சலை முன்னிட்டுத் தற்காலிகமாகவும், 2007இல் நிலையாகவும் தடை செய்தது. நோயச்சம் செய்ததை அறவுணர்ச்சி முன்பே செய்திருந்தால் இவ்வினாவே இத்துணைப் பெரிதாகியிராது. சிறு பறவைகளுக்குக் கிளி நுழைய இயலாத குறுகிய வாயிலுடைய கூட்டுப் பெட்டிகளை வைக்கலாம். முதிர்ந்த பொந்து மரங்களை வெட்டாது காக்கலாம். இவை முழுத் தீர்வாகா என்பதையும் ஒப்புகிறோம். பெரிய வௌவாலுக்குப் பொருந்தும் வாயில் கிளிக்கும் பொருந்திவிடும் அல்லவா?

நம் குடும்பங்களுட் பல உழவுக் குடும்பங்கள். கம்பும் சோளமும் பால்பிடிக்கும் பருவத்தில் கிளிக்கூட்டம் இறங்கினால் என்னாகும் என்பது நமக்குத் தெரியும். பரண் கட்டித் தகரம் தட்டி, விடியலிலும் மாலையிலும் காவல் இருந்திருக்கிறோம். கிளி ஓட்டுதல் என்றுதானே அதற்குப் பெயர்? கதிரில் ஒரு பங்கு போகும் என்று கணக்கில் வைத்தே விதைத்த முதியோரை நம்மில் பலர் கண்டிருப்போம். கவண்கல் பட்டுக் கிளி வீழ்ந்தால் வீட்டில் அன்று ஏச்சுத்தான்.

எஞ்சுவது, இன்றும் எங்கோ ஒரு வீட்டின் பின்கட்டில் கூண்டிலிருக்கும் கிளி பற்றிய கேள்வி. பல்லாண்டு அடைபட்டு இறகு வலுவிழந்ததை உடனே திறந்துவிட்டால் பூனைக்கும் பருந்துக்கும் இரையாகும். அதனை வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே தக்கது. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, சிவப்புக் கோயில் வளாகத்தில் நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனை உள்ளது. அடிபட்ட புறாவும் கிளியும் அங்கே கட்டணமின்றிப் பண்டுவம் பெறுகின்றன. ஆனால் நலம்பெற்ற பறவையை எவரிடமும் திருப்பித் தருவதில்லை. மாடியிலிருந்து வானில் விட்டுவிடுகிறார்கள். வளர்த்த கிளியைக் கூண்டோடு கொண்டுவந்தவர் வெறுங்கூண்டோடுதான் படியிறங்க வேண்டும்.