திறந்தே கிடக்கும் தொழில்

சாஃப்ட்வேர் வேலை என்றால் பொறியியல் பட்டமும் பெங்களூரு பஸ்ஸும்தான் என்று சோழபுரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. தெற்கே, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்நிறுவனம் தொடங்கிய பள்ளி, பிளஸ் டூ, டிப்ளமோ படித்தவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து புரோகிராமர் ஆக்குகிறது.

இணையப் பக்கங்களைக் கோக்கும் வலையும் அப்படிக் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டதுதான். 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் ஆய்வுக்கூடம் அதை உரிமத்தொகை இல்லாமல் உலகுக்குக் கொடுத்துவிட்டது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோலோடு ‘யு’வைத் தட்டுங்கள், அதை எழுதிய எச்டிஎம்எல் மொழி வரிகள் அப்படியே விரியும். ஒரு நோட்பேடு இருந்தால் நீங்களும் எழுதிப் பார்க்கலாம். உங்கள் ஊர்ப்பெயர் கிறுக்கலாகத் தெரிகிறதா? எழுத்துக் குறியீடு ‘யுடிஎஃப்-8’ என்று குறிப்பிடும் வரி விட்டுப்போயிருக்கும். அதை நீங்களே தேடிப் பிடித்தால், தொழிலின் பாதியைத் தொட்டுவிட்டீர்கள். டெவலப்பரின் நாளில் புதிதாக எழுதுவது கொஞ்சம்; எழுதியதைப் படித்துப் பிழை பிடிப்பதே அதிகம்.

பட்டம் நேர்காணல் வரை கூட வரும். பிழை தேடும் பொறுமைதான் கடைசி வரை சோறு போடும்.