வாளியில் இருந்தவை

சென்ற கோடையில் ஓர் இரவு, எங்கள் வீட்டுப் பவளத் தொட்டியில் இருந்த இரண்டு ராட்சத மட்டிகள் விந்தும் முட்டையும் வெளியிட்டன. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாம் கட்டிய சுவருக்குள், நாம் கேட்காமலே உண்டாகிவிட்ட உயிர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

யாங்கோனில் க்யிம்யிண்டைங்கில், சுற்றுவட்ட ரயிலின் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. ஆங்கிலேயர் கெமண்டைன் என்று எழுதிய இடம். தாத்தா இங்கே அரிசி ஆலையில் கணக்கெழுத வந்தவர். நான் சிங்கப்பூரில் முதுகலை படித்துவிட்டுத் திரும்பி வந்து, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம் இந்தத் தொட்டி: 400 லிட்டர் உப்புத் தண்ணீர், கொஞ்சம் பவளம், ஆறு மீன்கள், பாங்காக் வழியாக வந்த இரண்டு மட்டிகள். பண்ணையில் வளர்ந்தவை என்று விற்றவர் சொன்னார். நம்ப விருப்பமாக இருந்ததால் நம்பினேன். ராட்சத மட்டிகளின் பன்னாட்டு வணிகம் 1985 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காகிதம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இந்தக் குடும்பத்தில் பெரியதான டிரைடாக்னா கைகாஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து 200 கிலோவைத் தாண்டும். என்னிடம் இருப்பவை டிரைடாக்னா மாக்சிமா. ஒரு சாண்கூட வராது. நீலமும் பச்சையுமான சதை மடிப்பை விளக்கை நோக்கி விரித்து வைத்திருக்கும். மடிப்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து மட்டிக்கும் பங்கு கொடுக்கின்றன. மட்டி என்றால் நம் பேச்சில் மந்தபுத்திக்காரன். தொல்காப்பிய மரபியலும் நத்தை, சிப்பி வகைகளுக்கு இரண்டே அறிவுகள்தான் தருகிறது: தொடுவுணர்வும் சுவையும். ஆனால் இதன் மடிப்போரத்தில் நூற்றுக்கணக்கான ஊசித்துளைக் கண்கள் உண்டு. என் நிழல் விழுந்தாலே சுருங்கிக்கொள்ளும்.

அன்று மதியம் போன மின்சாரம் இரவு பத்து மணிக்குத்தான் வந்தது. அம்மாவின் அறை மின்விசிறிக்கும் தொட்டியின் பம்புக்கும் இன்வெர்ட்டர் ஈடுகொடுக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் போதாது. 26 டிகிரியில் இருந்த நீர் 31க்கு ஏறியிருந்தது. சிப்பிகளை முட்டையிடத் தூண்டுவதற்குப் பொரிப்பகங்களில் வேண்டுமென்றே செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. 1981இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கியபோது, பிறப்பவற்றுக்கு வேண்டிய தீனியும் தொட்டியும் தயாராக இருந்தன. என் வீட்டில் எதுவும் தயாராக இல்லை.

பெரிய மட்டி ஓட்டைச் சட்டென்று மூடி, வெண்புகைபோல எதையோ பீய்ச்சியது. இவற்றுக்கு ஒரே உடலில் ஆணும் பெண்ணும். தன் விந்து தன் முட்டையைச் சேராதபடி முதலில் விந்தும், சற்றுப் பொறுத்து முட்டையும் வரும். ஒன்று தொடங்கினால் பக்கத்தில் இருப்பதும் தொடங்கிவிடும். சிறிது நேரத்தில் தொட்டி கஞ்சித் தண்ணீராயிற்று. ஸ்கிம்மர் நுரை தள்ளித் தரையில் வழிந்தது. மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. அப்போது தத்துவம் எதுவும் தோன்றவில்லை. வாளி வாளியாக 150 லிட்டரை மொண்டு வாசல் சாக்கடையில் ஊற்றினேன். ஒரு கைகாஸ் ஒரே தடவையில் 50 கோடி முட்டைகள்வரை இடக்கூடும். என்னுடையவை சிறியவை, ஆனாலும் சாக்கடையில் போனவை லட்சக்கணக்கில் இருக்கும்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயது மகள் கேட்டாள்: “அப்பா, அதுல உசுரு இருக்கா?”

“இப்பத்தான் தொடங்குது.”

“அப்புறம் ஏன் ஊத்துறீங்க?”

ஊற்றாவிட்டால் மீன்கள் செத்துவிடும் என்றேன். உண்மைதான். ஆனாலும் கடைசி வாளியை ஊற்றாமல் ஓரமாக வைத்தேன். ஒரு காற்றுக்குழாயையும் அதில் போட்டேன். மறுநாள் மகளின் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தோம். புள்ளி புள்ளியாக நீந்தின. அதற்கடுத்த நாள் மெல்லிய ஓடும் வந்திருந்தது.

அம்மா, “ஆத்துல விட்டுருப்பா, புண்ணியமாப் போகும்” என்றார். எங்கள் தெருவில் திஞ்ஜான் முடிந்து புத்தாண்டு அன்று சந்தையில் உயிர்மீன் வாங்கி ஆற்றில் விடுவார்கள். அம்மாவும் அவர்களோடு போவதுண்டு. வெட்டுப்பலகைக்குப் போகவிருந்த ஆற்று மீனுக்கு அது விடுதலை. உப்பும் தெளிவும் வேண்டிய மட்டிக் குஞ்சுக்கு எங்கள் கலங்கல் ஆறு சாவு. என் மனம் இளகுவது ஒன்று, அந்த உயிருக்கு வேண்டிய தண்ணீர் வேறொன்று என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான்காம் இரவு மின்சாரம் போய், விடியும்வரை வரவில்லை. மூன்று மணிக்கு இன்வெர்ட்டரும் அடங்கியது. என்னிடம் பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்றுதான் இருந்தது. அதைத் தொட்டியில் போட்டேன். காலையில் வாளியின் அடியில் வெறும் தூசி. அம்மாவின் விசிறியை முன்னரே நிறுத்தியிருந்தால் இன்வெர்ட்டர் இன்னும் சில மணி நேரம் தாங்கியிருக்கும். அதில் எனக்குச் சஞ்சலமே இல்லை. ஆனால் அன்றிரவு எதிர்வீட்டில் விசிறி இல்லாமல் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. வாளியை நினைத்து நான் வருந்தியதை அந்த வீட்டு வாசலில் போய்ச் சொல்ல முடியாது.

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. கடலில் இவற்றில் பெரும்பாலானவை எப்படியும் செத்துத்தான் போகும், இதில் கணக்கென்ன என்பது ஒன்று. கடலில் சாகின்றன, ஆனால் அங்கே யாரும் சுவர் எழுப்பவில்லை. இங்கே கண்ணாடிச் சுவரும், தண்ணீரைச் சுடவைத்த ஏற்பாடும் என்னுடையவை. எல்லா உயிரும் ஒன்றே என்பது இன்னொன்று. வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு மீன்களும் ஒரு லட்சம் முட்டைகளும் ஒரே தண்ணீரில் மூச்சுத் திணறும்போது எந்த வாளியை ஊற்றுவது என்று அந்த விதி எனக்குச் சொல்லவில்லை.

வழி காட்டியது மட்டியின் வாழ்க்கை முறைதான். அதை உயிரோடு வைத்திருக்கும் பாசியைத் தாய் முட்டையில் வைத்து அனுப்புவதில்லை. ஒவ்வொரு குஞ்சும் நீந்தித் திரியும் நாட்களில் நீரிலிருந்து பாசியை விழுங்கி, செரித்தது போக எஞ்சியதை உடம்பில் குடியேற்றிக்கொள்ள வேண்டும். வளர்ந்த மட்டிகளின் கழிவில் உயிருள்ள பாசிகள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெரியவை அருகில் வாழ்ந்துகொண்டிருந்தால் சிறியவற்றுக்கு வேண்டியது நீரில் கலந்திருக்கும். என் வாளியில் பாசி இருந்ததா என்று நான் யோசிக்கவே இல்லை. உயிர்களை எண்ணிக்கொண்டிருந்தேன், நீரைப் பார்க்கவில்லை.

சிங்கப்பூர்க் கடலில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே எஞ்சியிருக்கும் மட்டிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் கிடக்கின்றன. நகர முடியாத உயிர்கள். ஒன்று வெளியிடும் விந்து இன்னொன்றின் முட்டையை எட்டுவதற்குள் நீரோட்டத்தில் கரைந்துவிடும். அதனால்தான் செயின்ட் ஜான்ஸ் தீவு ஆய்வகத்தில் குஞ்சுகளை வளர்த்துப் பவளப் பாறைகளில் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

ஒவ்வொரு முட்டைக்கும் நான் கடன்பட்டவன் என்று இப்போது நான் நினைக்கவில்லை. அந்தக் கடனை யாராலும் அடைக்க முடியாது. நான் அடைத்து வைத்திருக்கும் நீருக்குக் கடன்பட்டவன். என்னால் காக்க முடிகிற அளவுக்குத்தான் சுவர் எழுப்ப வேண்டும். தொட்டியைப் பாதியாகக் குறைத்தேன். இன்வெர்ட்டரில் மிச்சமாவது இப்போது ஒரு கம்பியில் எதிர்வீட்டு விசிறிக்குப் போகிறது. மூன்றாவது மட்டி வாங்குவதில்லை. காகிதம் இல்லாமல் இனி எதுவும் வாங்குவதில்லை.

பிறந்த ஊரை விட்டு வேறொரு தண்ணீரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தமிழ் முட்டையோடு வருவதில்லை. பேசு பேசு என்று மகளை நச்சரித்துப் பார்த்திருக்கிறேன். அவள் விழுங்கியது, நானும் அம்மாவும் எங்களுக்குள் பேசிச் சிந்தியதைத்தான்.

ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றுகிறோம். நான் உப்புக் கலக்குகிறேன். அவள் உப்புமானியை வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறாள்: “முப்பத்தஞ்சு இருக்குப்பா. ஊத்தலாம்.”