தேய்ந்த திருமுகம்

மணப்பெண்ணோடு புக்ககம் போகும் சீர்வரிசையில் முதலிடம் பெறும் காமாட்சி விளக்கை உற்று நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழும். காஞ்சியில் கரும்பு வில்லும் மலரம்பும் பாசாங்குசமும் ஏந்தி அமர்ந்திருப்பவளின் நாமத்தைத் தாங்கிய அவ்விளக்கின் பின்பலகையில் பெரும்பாலும் காட்சி தருபவளோ, இருபுறமும் யானைகள் நீர் சொரியத் தாமரையில் வீற்றிருக்கும் கஜலட்சுமி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பார்ஹுத், சாஞ்சி ஸ்தூபங்களின் கல்லில் செதுக்கப்பட்ட அதே கோலம். சிற்ப சாஸ்திரம் பயின்றவர்கள் இதனைப் பெயர்ப்பிழை என்பார்கள். எனக்கு அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் என் பாட்டி கொண்டுவந்த பித்தளை விளக்கு ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை பூஜைக்காக முந்தின நாளே புளியும் சாம்பலும் இட்டு மூன்று தலைமுறைப் பெண்கள் தேய்த்துத் தேய்த்து, தேவியின் கண்ணும் நாசியும் முற்றும் மறைந்து, துதிக்கைகள் இருந்த இடத்தில் விரலுக்கு மட்டுமே தட்டுப்படும் மெல்லிய மேடுகள் எஞ்சியிருக்கின்றன. ஆயினும் என் தாயாரின் மோதிர விரல், தயக்கமின்றி, நெற்றி இருந்த அதே இடத்தில் குங்குமத்தை வைக்கிறது.

பின்னமான மூர்த்தி பூஜைக்கு ஆகாது என்பது ஆகம மரபு. ஆனால் இந்த விளக்கைப் பின்னமென்று எவரும் ஒதுக்கியதில்லை. விழுந்து உடைந்ததற்கும் வழிபட்ட கைகளாலேயே தேய்ந்ததற்கும் உள்ள பேதத்தை அந்தப் பெண்கள் நூல் பயிலாமலே அறிந்திருந்தார்கள். ரூபம் கரைந்துவிட்ட அந்தப் பலகையில் இருப்பவள் லட்சுமியா, காமாட்சியா என்ற வினாவுக்கு இப்போது இடமே இல்லை; இரண்டு நாமங்களும் அவளுக்குப் பொருந்துகின்றன.

கோயில்களில் நிற்கும் பாவை விளக்கின் நிலை வேறு. இரு கைகளிலும் அகலேந்தி நிற்கும் அவள் தேவியல்லள், அடியாள். அவள் சுடரை எதிரே இருக்கும் இறைவனுக்காகத் தாங்குகிறாள். காமாட்சி விளக்கிலோ சுடரின் பின்னே தேவியே அமர்ந்து, தன் முன் எரியும் ஒளியால் தானே புலனாகிறாள்.

இரவில் என் தாயார் பூக்காம்பினால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அமர்த்துவார். விளக்கை அணைத்தாயிற்றா என்று சிறுவனாய் நான் கேட்ட போதெல்லாம், அச்சொல்லைத் திருத்தி, தாழ்ந்த குரலில் சொல்வார்:

"மலையேறிட்டாள்."