ஊசியும் உண்மையும்

சில ஆண்டுகளுக்கு முன் வள்ளியூர் வட்டாரத்தில் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் ஒரு மாலை வேளையில் நம்மைத் தேடி வந்தார். இருபது வயதைக் கடந்த மகனுக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன. சோற்றில் நஞ்சு இருப்பதாக ஐயுற்று உண்ண மறுக்கிறான். உவரி அந்தோணியார் திருத்தலத்தில் பதின்மூன்று செவ்வாய் காத்திருந்தும் குணமில்லை. மருத்துவர் மாதம் ஒருமுறை போடும் ஊசியை எழுதிக் கொடுத்திருந்தார். மகனோ ஊசி என்றாலே ஓடுகிறான்.

“நீங்க சொன்னா கேப்பான் சாமி. சத்து ஊசின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றார் அந்தத் தாய்.

நாம் சொன்னோம். அவன் நம் முகத்தைப் பார்த்தான். மறுபேச்சின்றிக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் இரவு அவன் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்மணிகள் மேலே செருகின. குரல்கள் சொன்னதே மெய்யாயிற்று, நஞ்சு உள்ளே போய்விட்டது என்று அலறினான். வீட்டாரோ பேய்தான் சீறுகிறது என்று அவனை மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல் நம்மிடம் கொண்டு வந்தார்கள். அரைநாள் வீணாயிற்று. பின்னர் மருத்துவமனையில் மாற்று மருந்து செலுத்திய சிறிது நேரத்தில் கழுத்து நேராயிற்று. நம்மீது அவன் வைத்திருந்த நம்பிக்கை நேராக நெடுநாள் பிடித்தது.

அன்பின் பொருட்டுச் சொல்லும் பொய் தகுமா? குருமடத்தில் இதைப் பலமுறை வாதித்திருக்கிறோம். எப்பொய்யும் ஆகாது என்றார் புனித அகுஸ்தீன். பிறர் நலனுக்காகச் சொல்லும் பொய் சிறு பாவமே, ஆயினும் பாவமே என்றார் புனித தோமா அக்குவினாஸ். அப்போதெல்லாம் பொய் சொல்பவனின் ஆன்மாவைப் பற்றியே பேசினோம். கேட்பவனின் உடலைப் பற்றிச் சிந்தித்ததாக நினைவில்லை.

இவ்வூசியின் தன்மையை அறிந்தால் சிக்கல் விளங்கும். மனநோய் மருந்துகளுள் முன்னோடியான குளோர்புரோமசின் 1952-இல் பாரிஸ் நகரில் பயனுக்கு வந்தது. நாள்தோறும் மாத்திரை விழுங்க மறுப்போருக்கென 1960-களின் பிற்பகுதியில் புளுபெனசின் டெக்கனோயேட் என்னும் ஊசி வந்தது. எள்ளெண்ணெயில் கரைத்த மருந்து அது. நம் வீட்டு நல்லெண்ணெய்தான்! தசையின் ஆழத்தில் செலுத்தியபின் அந்த எண்ணெயிலிருந்து மருந்து வாரக்கணக்கில் மெல்லக் கசிகிறது. ஊசியும் குழலும் ஈரமின்றி இருக்கவேண்டும். ஈரம் பட்டால் மருந்து கலங்கிவிடும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிடில் நிறுத்திவிடலாம்; உள்ளே போன ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க இயலாது. எனவேதான் முதலில் சிறிதளவு செலுத்திப் பார்க்கிறார்கள். கை நடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் உட்காரவொட்டாத கால் தவிப்பு ஆகியவை வரலாம். நீண்ட காலம் எடுப்போரில் சிலருக்கு வாயும் நாவும் தாமாக அசையத் தொடங்கும். கடுங்காய்ச்சலோடு உடல் மரக்கட்டையாய் விறைத்து நினைவு மங்கினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. புதிய ஊசிகளுள் ஒன்றான ஒலான்சபின் பமோயேட்டைப் போட்டபின் மூன்று மணி நேரம் மருத்துவமனையிலேயே இருத்திக் கண்காணிக்கவேண்டும்.

இவற்றுள் கால் தவிப்பைப் போன்றவற்றை முதலில் உணர்பவன் நோயாளியே. தனக்கு என்ன மருந்து ஏறியது என்று அறியாதவன் எதைக் கவனிப்பான்? யாரிடம் சொல்வான்? நாம் சொன்ன பொய் அவன் உரிமையை மட்டும் பறிக்கவில்லை. ஊசியின் காவலையே பறித்துவிட்டது.

மருத்துவருக்கு நோயாளிமீதுள்ள அதிகாரம் நோயாளியே அளித்தது என்று திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1952-இல் கற்பித்தார். 1958 செப்டம்பரில், தாம் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, மனநோய் மருந்துகளை ஆய்ந்த அறிஞர்களையே சந்தித்து உரையாற்றினார். பேயோட்டும் சடங்குக்கு முன் அது நோயன்று என்று உறுதி செய்யவேண்டும் என்கிறது 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு. ஆயரின் தனி அனுமதியின்றி அச்சடங்கை நிகழ்த்தவும் திருச்சபைச் சட்டம் (1172) இடம் தரவில்லை. இதை நாமே மக்களுக்குப் போதிய அளவு சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஊசி சங்கிலியை அவிழ்க்கும் கருவி. வஞ்சித்துப் போட்டால் அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலியாகிவிடாதா?

“அறிவு கலங்கியவனிடம் ஒப்புதல் கேட்பதெப்படி?” எனலாம். நியாயமான கேள்வியே. உயிருக்கு ஆபத்தான அவசர வேளையில் 72 மணி நேரம்வரை சிகிச்சையளிக்க அச்சட்டமே இடம் தருகிறது. அப்போதும் “தம்பி, இது உன் மன நோய்க்கான ஊசி” என்று சொல்லத் தடை ஏது? மறுப்பவனைப் பிடித்து ஊசி போடுவது வேறு, ஏமாற்றிப் போடுவது வேறு. முன்னதை அவன் பின்னாளில் மன்னிக்கக்கூடும். பர்த்திமேயு பார்வையற்றவர் என்பதை எரிகோவின் கூட்டம் முழுவதும் அறியும்; ஆயினும் அவர் விரும்புவது என்னவென்று ஆண்டவர் கேட்காமல் இருக்கவில்லை.

நாம் அவனிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருத்துவர் பலமுறை பொறுமையாக எடுத்துரைத்தபின் குறைந்த அளவில் ஊசி மறுபடி தொடங்கியது. இப்போது அந்நாளை அவனே நாட்காட்டியில் குறிக்கிறான். கை நடுங்கினால் மருத்துவரிடம் சொல்கிறான். ஞாயிறு பூசை முடிந்து எதிர்ப்பட்டால், “இந்த மாசம் என்ன ஊசி சாமி, சத்து ஊசியா?” என்று கேட்பதுண்டு. அதில் பாதிதான் கேலி.