போர்டில் இருக்கும் அர்த்தம்

"அங்கிள், டெர்மைட்டுன்னா வெள்ளை எறும்பா?" கரையான்சாவடி நிறுத்தத்தில் அறிவியல் நோட்டோடு நின்ற பையன் கேட்டான். எதிர்க் கடை போர்டில் இருந்த ஊர்ப் பெயரைக் காட்டினேன். "கரையானா!" என்று அவனே சிரித்துவிட்டான்.

வெள்ளை எறும்பு என்பது ஆங்கிலேயர் பேச்சுவழக்கு. எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும். உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கும். கரையானுக்கு இடையே கிடையாது, கொம்பும் மணி கோத்ததுபோல் நேராக இருக்கும். எறும்புக்குக் கூட்டுப்புழுப் பருவம் உண்டு, இதற்கு இல்லை. 2007இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு, கரையான் கரப்பான் குடும்பத்துப் பூச்சிதான் என்று உறுதிசெய்தார்கள். (சமையலறைக் கரப்பானைப் பார்த்தால் நம்பத்தான் கஷ்டம்.) தமிழ் இந்த வம்புக்கே போகவில்லை, எறும்புக்கு ஒரு சொல், கரையானுக்கு ஒரு சொல். மழை விட்ட மாலையில் தெருவிளக்கை மொய்த்து, விடிவதற்குள் வாசலெல்லாம் இறகு உதிர்த்துப் போகிறதே, இறக்கை முளைத்த அதே கரையான், அதற்கும் தனிப்பெயர்: ஈசல்.

"அப்ப ஈசலுக்கு இங்கிலீஷ்ல என்ன அங்கிள்?" என்றான். நான் யோசிப்பதற்குள் பூந்தமல்லி பஸ் வந்துவிட்டது.