நாவுக்கும் ஒரு தராசு



துணியை அளக்கக் கோலும், அரிசியை நிறுக்கத் தராசும் நம் கடைகளில் உண்டு. அளவில் மோசம் செய்வது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறுவனும் அறிவான். ஆனால் மதத்தைப் பற்றிய பேச்சில், எது நியாயமான விமர்சனம், எது துவேஷம் என்று நிறுத்துப் பார்க்க நம்மிடம் தராசு உண்டா? அடுத்தடுத்து வந்த இரண்டு ரமலான் மாதங்கள் இந்தக் கேள்வியை நம் கடைவாசலுக்கே கொண்டு வந்துவிட்டன.

2024 மார்ச்சில், பண்டார் சன்வேயிலுள்ள ஒரு கே.கே. மார்ட் கடையில் அல்லாஹ்வின் திருநாமம் பொறித்த காலுறைகள் விற்பனைக்கு இருந்தது தெரியவந்தது. முஸ்லிம்களின் உள்ளம் கொதித்தது. கடை நடத்தும் நிறுவனமும், சரக்கைக் கொடுத்த நிறுவனமும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டன. ஜூலையில் தலா 60,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அதுதான் முறை. ஆனால் வழக்கு முடியும் முன்னரே பீடோர், குவாந்தான், கூச்சிங் ஆகிய ஊர்களில் அந்நிறுவனத்தின் கடைகள்மீது பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. அது முறையல்ல.

2025 மார்ச்சில், எரா எஃப்.எம். வானொலி அறிவிப்பாளர் மூவர் காவடியாட்டத்தைக் கேலி செய்து, "வேல், வேல்" என்று கூவிச் சிரித்த காட்சி நாடெங்கும் பரவியது. இந்துக்கள் மனம் நொந்தனர். அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டனர். வானொலி நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் தண்டம் விதிக்கப்பட்டது.

முதல் ரமலானில் நாம் பேசினோம். இரண்டாவது ரமலானில் நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? அந்த அறிவிப்பாளர்களுக்கு 'வேல்' என்ற சொல்லின் கனம் தெரியாமல் இருந்திருக்கலாம். நமக்குத் தெரியும். அது நம் தாய்மொழிச் சொல். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தைப்பூசத்தன்று விரதமிருந்து பத்துமலைக்குப் போகிறவர், மறுநாள் நம் கடைக்கு வந்து நம்மோடு தமிழில் பேசுகிறவர். மார்க்கத்தால் மலாய்ச் சகோதரர்களோடும், மொழியால் இந்துச் சகோதரர்களோடும் உறவு கொண்டவர்கள் நாம். நாம் மௌனம் சாதித்தால் வேறு யார் எடுத்துச் சொல்வார்?

அப்படியானால் பிறர் மனம் புண்படும் பேச்சையெல்லாம் தடுத்துவிடலாமா? கூடாது. சற்று யோசித்துப் பாருங்கள். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்று நாம் சொல்வதே பிறர் நம்பிக்கையை மறுப்பதுதான். ஈஸா நபி (அலை) இறைவனின் குமாரர் அல்லர், தூதரே என்று நாம் சொன்னால் கிறிஸ்தவ நண்பருக்கு அது கசக்கலாம். மனம் புண்படுவது ஒன்றே அளவுகோல் என்றால், முதலில் நம் நாவே கட்டப்படும். நம் கொள்கையைச் சொல்ல நமக்குள்ள உரிமை, "நீர் சொல்வது சரியல்ல" என்று நம்மிடம் சொல்ல அவருக்குள்ள உரிமையோடு பிறந்தது. ஒன்றை வெட்டினால் மற்றதும் சாயும்.

எனவே எல்லைக்கோடு வேறிடத்தில் இருக்கிறது. அதைத் திருமறையே காட்டுகிறது. 16ஆம் அத்தியாயத்தின் 125ஆம் வசனம் அழகிய முறையில் விவாதம் செய்யும்படி நம்மைப் பணிக்கிறது. 6ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனமோ, பிறர் வணங்குபவற்றை ஏசக் கூடாதென்று தடுக்கிறது. ஏசினால் அவர்களும் அறியாமையால் அல்லாஹ்வை ஏசக்கூடும் என்று காரணமும் கூறுகிறது. விவாதத்துக்கு அனுமதி; ஏச்சுக்குத் தடை. விவாதம் எதிரிலிருப்பவரின் அறிவோடு பேசுகிறது, அவர் பதிலுக்குக் காத்திருக்கிறது. ஏச்சு பதிலை எதிர்பார்ப்பதில்லை. அவரைச் சபையில் சிறுமைப்படுத்துவதே அதன் நோக்கம்.

நாட்டுச் சட்டமும் இதே வழியில்தான் நிற்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் ஷரத்து குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்கவும் அதே ஷரத்து இடம் தருகிறது. தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமான நோக்கத்தோடு பேசுவதையும் நடப்பதையும் குற்றமாக்குகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே எண்ணில் இதே குற்றம் இருந்தது. நம் பாட்டனார்கள் கடல் கடந்து வந்ததுபோல் அச்சட்டமும் வந்து சேர்ந்தது. 'நோக்கம்' என்ற அந்தச் சொல்லை வியாபாரிகள் அலட்சியமாக விடக் கூடாது. நாளை நாம் இறக்கும் சரக்குப் பெட்டியிலும் நம் கண்ணுக்குத் தப்பிய ஏதோவொன்று இருக்கலாம். அப்போது அது வேண்டுமென்றே செய்ததா, கவனக்குறைவா என்று நிறுத்துப் பார்க்கும் நீதிபதி முன் நிற்க விரும்புவோமா, கையில் நெருப்போடு வரும் கூட்டத்தின் முன் நிற்க விரும்புவோமா? நமக்கு எதை விரும்புகிறோமோ அதையே பிறருக்கும் விரும்புவதல்லவா ஈமான்?

ஆனால் வழக்குக்கு வராத துவேஷமே அதிகம். கைபேசியில் ஒரு காட்சி வருகிறது, சிரிக்கிறோம், பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அங்கே போலீசும் இல்லை, நீதிபதியும் இல்லை. அந்த இடத்தில் நம் கல்லாவே நமக்குத் தராசாகட்டும். நாம் சொல்லப் போவதை, அந்த மதத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு அவர் பதிலைப் பொறுமையாகக் கேட்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் சொல்லலாம். அது கசந்தாலும் விவாதமே. அவர் போன பின்புதான் சொல்ல முடியும் என்றால், அல்லது அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து ரசிக்கவே சொல்கிறோம் என்றால், அது துவேஷம்.

நம் திருநாமம் அவமதிக்கப்பட்டபோது நாம் கேட்ட நீதியை, பக்கத்துக் கடைக்காரரின் நம்பிக்கை அவமதிக்கப்படும்போதும் நாமே முதலில் கேட்க வேண்டும். வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு ஒரு படி வைத்திருப்பவனை நாம் வியாபாரி என்று சொல்வதில்லை. நாவின் கணக்கிலும் அளவை நேராக வைக்க அல்லாஹ் நமக்கு அருள் செய்வானாக.